மதுரைப் பக்கம் ஜியாலஜி ஃபீல்டுக்குக் கிளம்பும் பெண்களுக்கு: கழிப்பறையில் தொடங்கி காம்பஸ் வரை

எம்.எஸ்சி. முதலாண்டு மாணவி ஒருத்தி சமணமலைச் சரிவில் காலை பதினோரு மணிக்குத் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள். ஜனவரி மாதம், பெரிய வெயில்கூட இல்லை. பையைத் திறந்து பார்த்தால் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் மூடிகூடத் திறக்காமல் அப்படியே இருக்கிறது. ஏன்டி குடிக்கல என்று கேட்டதற்கு அவள் சொன்னது: "குடிச்சா எங்க மேம் போறது?"

நானும் ஆராய்ச்சி செய்த காலத்தில் இதையேதான் செய்தேன், இரண்டு முறை சிறுநீர்த் தொற்று வந்து படுத்தேன். அப்புறம் வருடா வருடம் ஃபீல்டுக்கு, அதாவது பாறைகளை நேரில் படிக்கிற களப்பயணத்துக்கு, மாணவிகளைக் கூட்டிக்கொண்டு போகும்போது பார்க்கிறேன், பாறை ஏறுவதில் யாரும் தடுக்கி விழுவதில்லை; அதற்கு முந்தைய விஷயங்களில்தான் விழுகிறார்கள். அதனால் வழக்கமான ஃபீல்டு கையேட்டின் வரிசையில் இது இருக்காது. காம்பஸ் எட்டாவதாகத்தான் வரும்.

1. தேதியும் ஆட்களும்

மதுரையைச் சுற்றி ஃபீல்டுக்கு நல்ல காலம் டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி முடிய. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், கண்மாய்களில் தண்ணீர் இருக்கும், பாறை மேல் பாசி காய்ந்திருக்கும். மார்ச் தாண்டினால் வெறும் பாறை அடுப்புக்கல் மாதிரி சுடும். ஏப்ரல், மே மாதம்தான் கிடைத்தது என்றால் காலை ஆறரைக்கு ஏறி பத்தரைக்கு இறங்கிவிடுகிற மாதிரி திட்டம் போடுங்கள்.

தனியாகப் போகாதீர்கள். இதைப் பெண்களுக்கு மட்டும் சொல்லவில்லை, கணுக்கால் பிசகினால் ஆண் பெண் என்று பார்க்காது. குழுவில் இரண்டு பெண்களாவது இருக்கும்படி பாருங்கள். ஒரே பெண்ணாகப் போனால் ஒதுங்க வேண்டிய நேரத்தில் பக்கத்தில் காவலுக்கு நிற்க ஆள் இருக்காது, அந்த ஒரு காரணத்துக்காகவே அவள் தண்ணீர் குடிக்க மாட்டாள்.

வீட்டில் சொல்வது கிளம்புவதற்கு முதல் நாள் ராத்திரி செய்கிற வேலை கிடையாது. "பாறை உடைக்கிறதுக்கு பொம்பளப்பிள்ளை எதுக்கு" என்று ஆரம்பிக்கிற அப்பாவிடம் பெண்ணுரிமை பேசிப் பயன் இல்லை என்று பார்த்திருக்கிறேன். ஒரு தாளில் எந்த ஊர், எந்த வண்டி, வண்டி எண், யார் யார் வருகிறார்கள், பொறுப்பாசிரியர் போன் எண், எத்தனை மணிக்குத் திரும்புவோம் எல்லாம் எழுதி இரண்டு வாரம் முன்னால் கையில் கொடுங்கள். பெரும்பாலான வீடுகளில் "வேண்டாம்" என்பதற்கு அர்த்தம் "எனக்கு ஒன்றும் தெரியவில்லை" என்பதுதான். தாள் கையில் இருந்தால் அக்கம்பக்கத்தில் கேட்பவர்களுக்குச் சொல்லவும் அவர்களுக்கு ஒரு பதில் இருக்கும்.

2. மேப்பில் முதல் குறி கழிப்பறைக்கு

நில அளவைத் துறையின் 1:50,000 மேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய எண் வரிசையில் மதுரை நகரமும் சமணமலையும் 58 கே/1, அழகர்கோவில் 58 ஜே/4, மேலூர் 58 ஜே/8. இந்திய புவியியல் ஆய்வு மையத்தின் பூகோஷ் தளத்தில் இதே அளவில் பாறை மேப்பும் கிடைக்கும், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேப்பில் ஒரு சென்டிமீட்டர் தரையில் 500 மீட்டர் என்பது நினைவிருக்கட்டும், பிற்பாடு வேண்டும்.

எல்லோரும் முதலில் பாறை வெளியே தெரிகிற இடங்களைக் குறிப்பார்கள். நீங்கள் அதற்கு முன்னால் பச்சை பேனாவால் கழிப்பறை உள்ள இடங்களைக் குறியுங்கள்: பெட்ரோல் பங்க், ஆரம்ப சுகாதார நிலையம், அரசுப் பள்ளி, டோல்கேட், பேருந்து நிலையம். பள்ளி என்றால் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே போனில் கேட்டுவிடுங்கள், விடுமுறை நாளில் கேட் பூட்டியிருக்கும். அப்புறம் ஒவ்வொரு குறியிலிருந்தும் அன்றைய பாதைக்கு எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து பாருங்கள். இரண்டரை மணி நேரத்துக்கு ஒரு முறையாவது பாதை ஒரு பச்சைக் குறிக்குப் பக்கத்தில் வர வேண்டும். வரவில்லை என்றால் பாதையை மாற்றுங்கள். பாறை ஓடிவிடாது, நாளைக்கும் அங்கேதான் இருக்கும்.

இப்படித் திட்டம் போட்டால் பார்க்கிற இடம் குறைந்துவிடும் என்று ஒரு சார் என்னிடம் சண்டை போட்டார். இரண்டு இடம் குறைந்தது, உண்மைதான். ஆனால் மதியத்துக்கு மேல் எல்லாப் பிள்ளைகளும் நின்று வேலை பார்த்தார்கள். முந்தைய வருடம் பாதிப் பேர் வேன் நிழலில் படுத்திருந்தார்கள்.

பச்சைக் குறியே இல்லாத மலைகளும் உண்டு. அங்கே கைகொடுப்பது ஒரு பழைய நைட்டி. சிரிக்காதீர்கள். பெரிய சைஸ் நைட்டி, அடர் நிறம், உடைக்கு மேலேயே தலை வழியாகப் போட்டுக்கொண்டால் குதிகால் வரை மறைக்கும், உள்ளே பேண்ட்டை இறக்கிக்கொண்டு உட்காரலாம், யார் தூரத்தில் நின்று பார்த்தாலும் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள் என்பதைத் தவிர ஒன்றும் தெரியாது. மடித்தால் ஒரு சப்பாத்தி டப்பா அளவுதான் வரும். குடை, போர்வை எல்லாம் முயன்று பார்த்தேன், காற்றில் நிற்காது. உட்காரும் முன் குச்சியால் புதரைத் தட்டுங்கள். நீரோடை, ஊருணி, கண்மாய்க் கரை, கோயில் எல்லைக்கல் இவற்றிலிருந்து நன்றாகத் தள்ளிப் போங்கள்.

3. அனுமதி: எங்கே சுத்தியல் எடுக்கவே கூடாது

கல்லூரிக் கடிதம் நாலு பிரதி எடுங்கள், ஒன்று தமிழில் இருக்கட்டும். ஒன்று காவல் நிலையத்துக்கு, ஒன்று கிராம நிர்வாக அலுவலர் அல்லது ஊராட்சித் தலைவருக்கு, இரண்டு கையில். காப்புக்காடு என்றால், அழகர்மலையோ சிறுமலையோ, மாவட்ட வன அலுவலரின் எழுத்து அனுமதி இல்லாமல் கால் வைக்காதீர்கள். அதற்கு வாரக்கணக்கில் ஆகும், முதல் வேலையாக அனுப்புங்கள்.

கீழக்குயில்குடி சமணமலை, யானைமலை எல்லாம் பாறை படிக்க அருமையான இடங்கள், கிரானைட் நைஸ் என்கிற உருமாறிய பாறையின் பட்டைகள் கண்ணுக்கு நேராகத் தெரியும். ஆனால் அங்கே சமணர் சிற்பங்களும் படுக்கைகளும் இருக்கின்றன, பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னங்கள். அங்கே அளவெடுக்கலாம், படம் வரையலாம், சுத்தியலை வண்டியிலேயே வைத்துவிட்டு ஏறுங்கள். அரிட்டாபட்டி 2022 நவம்பரில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம், அங்கேயும் அதே விதிதான்.

மேலூர்ப் பக்கம் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. அரிட்டாபட்டி, நாயக்கர்பட்டிப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு விட்ட ஏலம் 2024 நவம்பரில் முடிவானதும் ஊர் ஊராக மக்கள் திரண்டு போராடினார்கள், 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. அதற்குப் பிறகு ஜிபிஎஸ்ஸும் சுத்தியலும் வைத்துக்கொண்டு வருகிற யாரையும் அந்த ஊர்க்காரர்கள் நிறுத்திக் கேட்பார்கள். கேட்பதில் தப்பும் இல்லை. தமிழ்க் கடிதம் அங்கேதான் வேலை செய்யும்.

4. உடை

வயல் வேலைக்குப் போகிற நம்ம ஊர் அக்காமார் சேலைக்கு மேல் ஒரு முழுக்கைச் சட்டை போட்டு, தலைக்குத் துண்டு கட்டியிருப்பார்கள். அதைவிட நல்ல ஃபீல்டு உடையை நான் எந்தக் கடையிலும் பார்க்கவில்லை. வெயில், முள், பூச்சி மூன்றுக்கும் சேர்த்து ஒரே பதில். பருத்திச் சட்டை, ஒரு சைஸ் பெரிதாக, ஆண்கள் பகுதியில் வாங்குங்கள். மார்புப் பையில் பாறை பார்க்கிற லென்ஸ் நிற்கும்.

பேண்ட்டும் அப்படித்தான். பெண்களுக்கென்று விற்கும் பேண்ட்டில் பாக்கெட் என்ற பெயரில் ஒரு தையல் கோடுதான் இருக்கிறது. விளக்குத்தூண் பக்கம் துணிக்கடைகளில் ஆண்களுக்கான ஆறு பாக்கெட் பேண்ட் எடுத்து இடுப்பில் பிடித்துத் தைத்துக்கொள்ளுங்கள். லெக்கின்ஸ் வேண்டாம், பாறையில் ஒரு முறை சறுக்கினால் முட்டியில் கிழியும். சுடிதார்தான் வசதி என்றால் தாராளமாகப் போடுங்கள், ஆனால் துப்பட்டாவைத் தலையில் கட்டிவிடுங்கள். தொங்கும் துப்பட்டா சீமைக்கருவேல முள்ளில் மாட்டி, சரிவில் ஒருத்தியைப் பின்னால் இழுத்ததைக் கண்ணால் பார்த்தேன்.

ஷூவுக்கு அடிப்பாகம் கனமாக இருக்க வேண்டும். சீமைக்கருவேல முள் மெல்லிய ஸ்போர்ட்ஸ் ஷூவைத் துளைத்துக்கொண்டு பாதத்தில் ஏறும். பெண்கள் அளவில் மலையேற்ற ஷூ மதுரையில் எளிதில் கிடைக்காது, பையன்களுக்கான நாலாம், ஐந்தாம் நம்பர் ஷூ கேளுங்கள். மாலையில் போய் வாங்குங்கள், நடந்து வீங்கிய பாதத்துக்குத்தான் அளவு சரியாக இருக்கும். புது ஷூவைப் போட்டுக்கொண்டு நேராக மலைக்கு வராதீர்கள், ஒரு வாரம் கல்லூரிக்குப் போட்டுக்கொண்டு போங்கள்.

5. பை

லென்ஸ், காம்பஸ், நோட்டு, பென்சில், மார்க்கர், துணிப்பை, தண்ணீர் மூன்று லிட்டர், உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம், சாப்பாடு. புளியோதரையோ எலுமிச்சை சாதமோ கெடாது; தயிர் சாதம் மதியம் வரை தாங்காது. விசில் ஒன்று கழுத்தில். போனில் அந்தப் பகுதியின் மேப்பை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், மலைக்குப் பின்பக்கம் சிக்னல் இருக்காது.

பையின் எடை பற்றி எல்லோரும் போகும்போது யோசிக்கிறார்கள், திரும்பும்போது என்ன ஆகும் என்று யோசிப்பதில்லை. பத்து சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு கிரானைட் கட்டி ஏறக்குறைய 2.7 கிலோ. அதில் நாலு எடுத்தால் பதினொரு கிலோ முதுகில். நுண்ணோக்கியில் பார்க்க மெல்லிய சில்லு வெட்டுவதற்கு உள்ளங்கை அளவுத் துண்டு போதும், பெரிதாக எடுத்தால் விஞ்ஞானம் கூடாது.

6. மாதவிடாய் நாட்கள்

ஃபீல்டு தேதியும் அந்தத் தேதியும் மோதும்போது பலர் கடையில் மாத்திரை வாங்கித் தள்ளிப் போடுகிறார்கள், கோயில் திருவிழாவுக்குப் போடுகிற மாதிரி. டாக்டரைக் கேட்காமல் அதைச் செய்யாதீர்கள், எல்லோர் உடம்புக்கும் அது ஒத்துவராது.

நாப்கின் என்றால் தேவையைப் போல இரண்டு மடங்கு, பழைய செய்தித்தாள், கெட்டியான கறுப்புக் கவர் இரண்டு, சின்ன சோப்பு, கை கழுவ அரை லிட்டர் தனித் தண்ணீர். எல்லாம் ஒரே ஜிப் பையில் இருக்கட்டும், அவசரத்தில் மாதிரிப் பைகளுக்கு நடுவே துழாவ முடியாது. பயன்படுத்தியதைப் புதைக்காதீர்கள், நாய் தோண்டும். சுற்றி எடுத்துக்கொண்டு வந்து ஊரில் போடுங்கள். மென்ஸ்ட்ருவல் கப் பழகியவர்களுக்கு மலையில் அது பெரிய நிம்மதி, ஆனால் முதல் முயற்சியை மலையில் செய்ய வேண்டாம், வீட்டில் இரண்டு மாதம் பழகுங்கள்.

பொறுப்பாசிரியர் ஆண் என்றால் எப்படிச் சொல்வது என்று கேட்பார்கள். விவரம் எதுவும் தேவையில்லை. "சார், இன்னைக்கு நான் கீழ் ஸ்டேஷன்ல வேலை பாக்குறேன்" என்றால் போதும் (நின்று அளவெடுக்கிற ஒவ்வொரு இடத்தையும் ஸ்டேஷன் என்போம்). காரணம் கேட்கிற ஆசிரியர்தான் கூச்சப்பட வேண்டும். நான் கூட்டிப் போகும்போது எல்லோருக்கும், பையன்களுக்கும் சேர்த்து, காலையிலேயே சொல்லிவிடுவேன்: காரணம் சொல்லாமல் யாரும் பாதி நாள் கீழே நிற்கலாம் என்று. அன்று வயிறு சரியில்லாத பையன்தான் முதலில் நின்றான்.

7. ஊருக்குள் நுழைகிற விதம்

வண்டியை நேராக மலையடிவாரத்துக்கு விடாதீர்கள். முதலில் டீக்கடை. ஆண்கள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள், உங்கள் சார் அவர்களிடம் பேசட்டும். நீங்கள் தேட வேண்டியது நூறு நாள் வேலைக்குக் கிளம்பி நிற்கிற அக்காமாரையும் திண்ணையில் இருக்கிற பெரியாத்தாக்களையும். எந்தப் பாதையில் தேன்கூடு இருக்கிறது, எந்தக் கிணறு மூடாமல் கிடக்கிறது, எந்தப் பக்கம் குடிக்கிறவர்கள் உட்காருவார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத் துல்லியமாகத் தெரியும். விறகுக்கும் ஆட்டுக்கும் அந்த மலையில் ஏறி இறங்குகிறவர்கள் அவர்கள்தானே.

"என்ன தாயி, புதையலா தேடுறீக?" என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். "படிப்புக்காக வந்திருக்கோம் ஆத்தா, இந்தப் பாறை எப்படி உண்டாச்சுன்னு பாக்குறோம்" என்று சொல்லி லென்ஸைக் கையில் கொடுத்துவிடுங்கள். ஒரு முறை ஒரு பாட்டி லென்ஸ் வழியாக அபிரகத் தகட்டைப் பார்த்துவிட்டு, "இது எங்க அம்மியிலகூட மினுக்குமே" என்றார். அன்றைக்கு அவர் வீட்டுக் கழிப்பறைதான் எங்கள் பன்னிரண்டு பேருக்கும்.

கோயில் எல்லையில் செருப்பைக் கழற்றச் சொன்னால் கழற்றுங்கள். மலைப்பாதை அய்யனார் கோயிலை ஒட்டித்தான் ஏறும் என்றால் முன்னாலேயே வேறு பாதை கேட்டு வையுங்கள், ஷூவை அவிழ்த்துக் கட்டுவதிலேயே கால்மணி நேரம் போகும்.

தனியாக வந்து பேச்சுக் கொடுக்கிற ஆளிடம் தங்குகிற இடத்தையும் மறுநாள் திட்டத்தையும் சொல்லாதீர்கள். "அண்ணே, சார் பின்னாடி வந்துக்கிட்டு இருக்காரு" என்று சொல்லிக்கொண்டே குழு இருக்கிற பக்கம் நடந்துவிடுங்கள். சார் வரவில்லை என்றாலும் சொல்லலாம், இந்தப் பொய்க்குப் பாவம் இல்லை.

8. காம்பஸை உங்கள் உடம்பிலேயே சோதியுங்கள்

பாறையின் திசையையும் சாய்வையும் அளக்கிற பிரன்டன் காம்பஸைத் தரையில் மட்டமாக வையுங்கள். ஊசி நின்றதும் அளவைக் குறியுங்கள். இப்போது நீங்கள் அளவெடுக்கும்போது எப்படிக் குனிவீர்களோ அப்படிக் குனியுங்கள். ஊசி நகர்கிறதா?

நகர்ந்தால் உங்கள் மேல் இரும்பு இருக்கிறது. ஒரு மாணவி எடுத்த ஸ்ட்ரைக் (பாறைப் பட்டை ஓடுகிற திசை) எல்லாம் பக்கத்தில் நின்றவன் எடுத்ததிலிருந்து பதினைந்து, இருபது டிகிரி தள்ளியே வந்தது. பொம்பளப்பிள்ளைக்குக் காம்பஸ் பிடிக்கத் தெரியவில்லை என்று ஒருவர் முடிவே கட்டிவிட்டார். பிரச்சினை அவள் உள்ளாடையின் கம்பியும் காந்தம் வைத்த போன் கவரும். காம்பஸை நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கும் பழக்கம் வேறு. கம்பி இல்லாத ஸ்போர்ட்ஸ் பிராவும் போனைப் பைக்குள் போட்டதும் ஊசியைச் சரிசெய்துவிட்டன.

ஹேர் கிளிப், இரும்பு வளையல், கைப்பையின் காந்தப் பூட்டு எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். தாலிச் சங்கிலி தங்கம், அது ஒன்றும் செய்யாது. ஆனால் நம்ம ஊரில் அதில் இரண்டு மூன்று ஊக்கு கோத்து வைப்போமே, அது இரும்பு. சங்கிலியைச் சட்டைக்குள் பின்பக்கமாகத் தள்ளிவிட்டுக் குனியுங்கள். சுத்தியலை எப்போதும் இரண்டு மீட்டராவது தள்ளி வையுங்கள்.

9. சுத்தியல் யார் கையில்?

இந்தப் பகுதியைத்தான் நான் அதிகம் கவனிக்கச் சொல்வேன். எந்தக் குழுவிலும், யாரும் திட்டம் போடாமலே, முதல் ஸ்டேஷனில் பையன் சுத்தியலையும் காம்பஸையும் எடுப்பான், பெண் நோட்டைத் திறப்பாள். "உன் கையெழுத்து நல்லா இருக்கும்ல, நீ எழுது." நல்ல வார்த்தைதான். சாயங்காலம் வரை அது மாறாது. ஐந்து நாள் முடிந்து வாய்மொழித் தேர்வில் டிப் (பாறைப் பட்டையின் சாய்வு) எப்படி எடுத்தாய் என்றால் அவளுக்குக் கை வராது, நோட்டு முழுக்க அவள் கையெழுத்து என்றாலும்.

அதனால் வேனை விட்டு இறங்கும் முன்னாலேயே சுழற்சி முறையை எழுதிவிடுங்கள். மூன்று பேர் குழு என்றால் அளப்பவர், உடைப்பவர், எழுதுபவர். ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் மாறும். ஸ்டேஷன் எண்ணுக்குப் பக்கத்தில் யார் அளந்தார்கள் என்று பெயரின் முதல் எழுத்தைப் போடுங்கள். தாளில் இருந்தால் கேட்டு வாங்க வேண்டியதில்லை, முறை வந்ததும் கையை நீட்டினால் போதும். மலையில் நின்றுகொண்டு "எனக்கும் கொடு" என்று கேட்பது பலருக்கு வராது.

உடைக்கிற விதம்: ஆரம்பத்தில் எல்லோரும் உருண்டைக் கல்லின் வயிற்றில் ஓங்கி அடிப்பார்கள். சுத்தியல் எகிறும், மணிக்கட்டு வலிக்கும், கல்லில் ஒரு வெள்ளைப் பொட்டு விழும், அவ்வளவுதான். விளிம்பைத் தேடுங்கள். ஏற்கெனவே விரிசல் ஓடுகிற மூலை, நைஸ் பட்டை முடிகிற ஓரம், அங்கே சாய்வாகத் தட்ட வேண்டும். பிடியின் கடைசியில் பிடியுங்கள், தோளிலிருந்து இறக்குங்கள், சுத்தியலின் எடை மற்றதைப் பார்த்துக்கொள்ளும். 600 கிராம் சுத்தியல் தாராளம். ஒரு கிலோ சுத்தியல் வைத்திருப்பவர் சீக்கிரம் தோள்பட்டையைத் தடவிக்கொண்டு உட்காருவார். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் ஒரு அடிகூட வேண்டாம், பக்கத்தில் நிற்கிறவரைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு அடியுங்கள். சுத்தியலை இன்னொரு சுத்தியலால் அடிப்பது கூடவே கூடாது, எஃகுச் சில் தெறிக்கும்.

யாராவது ஒருவர் "கொடு, நான் உடைச்சுத் தர்றேன்" என்று வருவார். மூன்றாவது அடி வரை காத்திருக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் இரண்டாவதிலேயே உடைந்துவிடும்.

10. தண்ணீர், தேனீ, பாம்பு

அரை மணிக்கு ஒரு முறை ஒரு டம்ளர் அளவு, தாகம் எடுக்கிறதோ இல்லையோ. குழுவில் ஒருவர் போனில் அலாரம் வைத்து எல்லோரையும் ஒரே நேரத்தில் குடிக்கச் சொன்னால் யாரும் தப்ப முடியாது. சிறுநீர் மஞ்சள் கறுத்தால் தண்ணீர் பற்றவில்லை என்று அர்த்தம்.

செங்குத்துப் பாறையில் மலைத்தேனீக் கூடு தொங்கினால் அதன் கீழே சுத்தியல் சத்தம் வேண்டாம். செண்ட், வாசனை எண்ணெய், மல்லிகைப்பூ எல்லாம் அன்றைக்கு வீட்டிலேயே இருக்கட்டும் (மதுரைக்காரிகளிடம் இதைச் சொல்வதுதான் கஷ்டம்). பாம்பு கடித்தால் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், அந்தக் காலையோ கையையோ அசைக்காமல் வைத்து 108க்கு அழையுங்கள்.

11. குவாரி என்றால்

நிர்வாகத்தின் எழுத்து அனுமதி, ஹெல்மெட், வெடி வைக்கும் நேரம் இந்த மூன்றும் தெரியாமல் உள்ளே போகக் கூடாது. "சுரங்கத்துக்குள்ள பொம்பளைகளை விட மாட்டோம்" என்று வாசலில் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1952 சுரங்கச் சட்டம் பெண்களை நிலத்தடியில் வேலைக்கு வைப்பதைத் தடுத்திருந்தது. 2019இல் மத்திய அரசு சில நிபந்தனைகளோடு அதைத் தளர்த்தியது. மேலும் நீங்கள் பார்க்கப் போவது திறந்தவெளிக் குவாரி, அதில் அந்தத் தடை எப்போதுமே இருந்ததில்லை. இதை வாக்குவாதமாக இல்லாமல், அனுமதி கேட்கும் கடிதத்திலேயே "குழுவில் இத்தனை மாணவிகள்" என்று எழுதிவிட்டால் வாசலில் பேச்சு வராது.

12. இரவு தங்குவது

அறைக்குள் போனதும் தாழ்ப்பாள், ஜன்னல் கொக்கி, குளியலறை வென்டிலேட்டர் மூன்றையும் பாருங்கள். கதவுக்கு அடியில் செருக ஒரு மரஆப்பு பையில் இருக்கட்டும், தச்சுப் பட்டறையில் சும்மாவே கொடுப்பார்கள்.

இன்னொன்று யாரும் முன்னால் சொல்லித் தராதது. பகலில் எடுத்த அளவுகளை மேப்பில் ஏற்றி, இந்தப் பாறை மடிப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பேசுகிற நிஜமான ஜியாலஜி ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் பையன்கள் அறையிலோ மொட்டைமாடியிலோ நடக்கும். பெண்கள் அறைக்குப் போய்விட்டிருப்பார்கள். மறுநாள் காலையில் முடிவு தயாராக இருக்கும், அதில் உங்கள் பங்கு இருக்காது. என் ஆராய்ச்சியின் முதல் வருடம் முழுக்க இப்படித்தான் போனது. ஆகவே மேப் வேலை ஆறரை மணிக்கு, பொது ஹாலில், சாப்பாட்டுக்கு முன்னால் என்று முதல் நாளே பொறுப்பாசிரியரிடம் கேட்டு அட்டவணையில் போட வையுங்கள்.

13. தொல்லை வந்தால்

வெளியாள் என்றால் விசில், குழு, 112. பெண்களுக்கான உதவி எண் 181.

கூட வந்தவரோ ஆசிரியரோ என்றால், "கேம்ப்பில் நடந்தது, கல்லூரிக்குள் நடக்கவில்லையே" என்று யாராவது சொல்வார்கள். அது தப்பு. மாணவிகளுக்கான, பாலியல் தொல்லைக்கு எதிரான 2015ஆம் ஆண்டு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிமுறை களப்பயணம் போகிற இடத்தையும் அதற்கான வண்டியையும் கல்லூரி வளாகத்தின் பகுதியாகவே சொல்கிறது. வேலை பார்ப்பவர்களுக்கு, பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டத்திலும் பணி நிமித்தம் போகிற இடம் பணியிடம்தான். புகாரை உள் புகார்க் குழுவுக்கு எழுத்தில், மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம்.

நடந்த அன்றே நோட்டில் தேதி, நேரம், இடம், கூட இருந்தவர் யார் என்று எழுதுங்கள். பாறைக்கு எழுதுகிற அதே ஒழுங்கில் எழுதுங்கள். புகார்க் குழுத் தலைவரின் பெயரையும் குழுவின் தொடர்பையும் கிளம்பும் முன்பே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருந்தால், கலங்கி நிற்கிற நேரத்தில் தேட வேண்டியதில்லை.

14. திரும்பிய பிறகு

மாதிரிகளை அன்று ராத்திரியே பிரித்து எண்களைச் சரிபாருங்கள். பைக்கு வெளியே ஒரு எண், உள்ளே கல்லின் மேலேயே ஒரு எண். வெளியே எழுதியது வியர்வையிலும் உரசலிலும் அழியும்.

அப்புறம் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அடுத்த வருடம் வருகிற பெண்களுக்காக எழுதுங்கள். எங்கள் துறையில் அந்தப் பக்கங்களை நகலெடுத்து ஒரு ஃபைலில் சேர்த்து வைத்திருக்கிறோம். சமணமலைப் பக்கத்தில் போன வருடத்து மாணவி எழுதியது இப்படி இருக்கிறது: "டீக்கடைக்கு எதிர்ச் சந்து, மூன்றாவது வீடு, நீலக் கதவு. அக்கா பத்து மணிக்கு மேல் இருப்பார். பக்கெட்டில் தண்ணீர் நாமே நிரப்பிவிட்டு வர வேண்டும். காபித்தூள் பாக்கெட் ஒன்று வாங்கிப் போகவும், காசு கொடுத்தால் கோபப்படுவார்."